வளர்க்க முடியாமல் போன ஃபின்ச் குருவிகள்: கொடுப்பவர்களும் எடுப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் யாருக்கோ வேண்டாமல் போன ஃபின்ச் குருவிகளை வாங்கி, கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து, நல்ல வீட்டில் சேர்ப்பது என் வழக்கம். போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தெந்தக் குருவிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

நம்மூர் வீடுகளில் அதிகம் இருப்பது ஸீப்ரா ஃபின்ச். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. எடை 12 கிராம் அளவுதான். ஆணுக்குக் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டு, விலாவில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பெண் வெறும் சாம்பல் நிறம். வெள்ளை ஸீப்ராவாக இருந்தால் அலகைப் பாருங்கள்: ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு.

அடுத்தது பெங்காலி ஃபின்ச், சொசைட்டி ஃபின்ச் என்றும் சொல்வார்கள். பழுப்பும் வெள்ளையும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். ஜப்பானில் பல தலைமுறைகளாக வீட்டில் வளர்த்தே உருவான பறவை இது; காட்டில் கிடையாது. இவற்றைத் தவிர, வானவில் நிறத்தில் இருக்கும் கோல்டியன் ஃபின்ச், பருத்த சிவப்பு அலகு கொண்ட ஜாவா குருவி ஆகியவையும் அவ்வப்போது வரும்.

லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடும் பட்ஜிகள் வேறு இனம், கிளி வகை. அவற்றை ஃபின்ச்சுடன் ஒரே கூண்டில் போடாதீர்கள். பட்ஜி ஒரு கடி கடித்தால் ஃபின்ச்சின் கால் போய்விடும்.

ஆசையாக வாங்கியவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

வீடு மாற்றம், வேலை மாற்றம், வளர்த்தவர் இறந்துபோவது என்று காரணங்கள் பல. ஆனால் என்னைக் கேட்டால் முக்கால்வாசி பிரச்சினை ஆரம்பிப்பது கூண்டுக்குள் தொங்கும் அந்தப் பானையில்தான்.

கடைக்காரர் ஜோடியோடு ஒரு மண்பானையையோ நார்க்கூட்டையோ சேர்த்தே கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே நான்கு முதல் ஆறு முட்டை இடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும், மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். அப்பா குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். அந்தக் குஞ்சுகளும் இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து, அண்ணன் தங்கை என்று பாராமல் ஜோடி சேரும். ஒரு வருடத்துக்குள் இரண்டடிக் கூண்டில் இருபது குருவிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கும். சத்தம், உமி, வாடை எல்லாம் சேர்ந்து வீட்டில் சண்டை வரும். அப்புறம்தான் எனக்கு போன்.

குருவிகள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை கிடைத்தால் உடனே இனம் பெருக்க வேண்டும் என்பது அவற்றின் உடம்பிலேயே ஊறியது. வீட்டுக் கூண்டில் வருடம் முழுக்கச் சாப்பாடும் தண்ணீரும் கூடும் கிடைக்கிறது. அவற்றுக்கு அது முடியாத மழைக்காலம்.

எடுக்க ஆள் கிடைக்கும் வரை முட்டை போடுவதை எப்படி நிறுத்துவது?

பானையை எடுத்துவிடுங்கள். தேங்காய் நார், பஞ்சு, காய்ந்த புல் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. சாப்பாட்டுக் கிண்ணத்தையே கூடாக்கி முட்டையிடும் குருவிகளும் உண்டு. அதனால் உட்கார இடமில்லாத சின்னக் கிண்ணமாக மாற்றுங்கள். அவித்த முட்டை, முளைகட்டிய தானியம் போன்ற சத்தான தீனியைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சம் கூண்டில் படாமல் சீக்கிரமே துணி போட்டு மூடுங்கள். பகல் நீளமாக இருந்தால் இனப்பெருக்க ஆசை கூடும்.

ஏற்கனவே முட்டை இருந்தால் பானையோடு தூக்கி எறிந்துவிடாதீர்கள். போன முட்டைக்குப் பதிலாகப் பெண் குருவி மறுபடி மறுபடி இடும். உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து முழுக்க ஓட்டுக்கே போய், கடைசியில் முட்டை வெளியே வராமல் சிக்கி இறந்துபோகும். புதிதாக இட்ட முட்டையை ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்து, நன்றாக அவித்து, ஆறவைத்து, பென்சிலால் சின்னக் குறி போட்டு அதே இடத்தில் வையுங்கள். குருவி அடைகாக்கும், பொரிக்காது, மூன்று வாரம் போல் பார்த்துவிட்டுத் தானே விட்டுவிடும். அப்போது பானையை எடுங்கள்.

குஞ்சு பொரித்தே விட்டதா? சரி, அவை வளர்ந்து தானாகக் கொத்தித் தின்னும் வரை ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்குப் பிறகு ஆண்களை ஒரு கூண்டிலும் பெண்களை இன்னொரு கூண்டிலும் பிரித்துவிடுங்கள்.

மொட்டை மாடியில் திறந்துவிட்டால் சுதந்திரமாகப் பறந்து போகாதா?

தயவுசெய்து வேண்டாம். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பறவை அது. தீனி எங்கே கிடைக்கும் என்று தெரியாது. காக்கையையும் வல்லூறையும் கண்டால் ஒளியத் தெரியாது. திறந்துவிட்ட ஸீப்ரா பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ காக்கைக்கோ பூனைக்கோ இரையாகிவிடும். சின்ன உடம்பு என்பதால் முழுதாக ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

தப்பிப் பிழைத்தால் அது வேறு சிக்கல். கூண்டுப் பறவைகளாகப் போன ஜாவா குருவிகள் ஹவாய் தீவுகளில் இன்று கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. சொந்த ஊரான இந்தோனேசியாவிலோ, கூண்டுக்காகப் பிடித்தே அவற்றை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சில கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் உங்கள் ஜோடி அங்கே கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் வெயிலில் அடுக்கி வைத்த கூண்டுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாவிட்டால், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த கடையா என்று கேளுங்கள். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி அந்தப் பதிவு கட்டாயம்.

விலங்கு நல அமைப்புகளையும் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அடிபட்ட நாய்களையும் பூனைகளையும் பார்க்கவே நேரம் போதாது. நலமாக இருக்கும் குருவிகளை அங்கே கொண்டுபோய் இறக்குவதைவிட, நீங்களே ஒரு வீடு தேடுவது நல்லது.

யாருக்குக் கொடுப்பது? எப்படி நம்புவது?

முதலில் ஏற்கனவே ஃபின்ச் வளர்ப்பவர்களைத் தேடுங்கள். ஜோடியில் ஒன்றை இழந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழு, கால்நடை மருத்துவரின் அறிவிப்புப் பலகை, தீனிக் கடைக்காரர் என்று பல வழிகளில் ஆள் கிடைப்பார்கள். தீனிக் கடைக்காரருக்கு யார் ஒழுங்காக வளர்க்கிறார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

வருபவரிடம் நான் முதலில் கேட்பது கூண்டின் படம். அடுத்து, கூண்டு வைக்கப்போகும் இடத்தின் படம். பிறகு, "பானை வைப்பீர்களா?" என்ற கேள்வி. "ஆமாம், குஞ்சு எடுத்து விற்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் கொடுப்பதில்லை. கோபித்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் பெருகியதால் வீடு இழந்த குருவியை மறுபடி பெருக்கத்துக்கே அனுப்பினால் இத்தனையும் எதற்கு?

குழந்தை கேட்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: இது கையில் உட்காரும் பறவை இல்லை. பிடித்தால் பயத்தில் நெஞ்சு படபடக்கும். தள்ளி உட்கார்ந்து பார்த்து ரசிக்க வேண்டிய பறவை. அதைக் கேட்டும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

முடிந்தால் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கும் மனசு ஆறும்.

பணம் வாங்கலாமா?

கூண்டுக்கு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். குருவிக்கு நான் வாங்குவதில்லை. இலவசம் என்று பொதுவெளியில் போட்டால் மொத்தமாக அள்ளிப்போய் விற்பவர்கள் வருவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு, யாருக்கும் இரண்டு ஜோடிக்கு மேல் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

ஜோடியைப் பிரித்துக் கொடுக்கலாமா?

ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடும் ஜோடியைப் பிரிக்காதீர்கள். ஸீப்ராக்கள் ஒரே துணையோடு நீண்ட காலம் வாழ்பவை. துணை கண்ணில் படாவிட்டால் நாள் முழுக்கக் கூப்பிடும். ஜோடி என்றால் ஆணும் பெண்ணும்தான் என்றில்லை. சேர்ந்து வளர்ந்த இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ அதே நெருக்கத்தோடு இருப்பதுண்டு. குஞ்சு வேண்டாம் என்பவருக்கு அந்த மாதிரி இரண்டைக் கொடுப்பது எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு ஆண்கள் என்றால் காலையில் பாட்டும் கேட்கலாம். பெண் ஸீப்ரா பாடாது.

இருபது குருவி இருந்தால், இரண்டு நாள் உட்கார்ந்து எது எதோடு தூங்குகிறது என்று பாருங்கள். இரவில் யார் பக்கத்தில் யார் என்பதை வைத்தே பிரிக்கலாம்.

என்னிடம் இருப்பது வயலில் பார்க்கும் நெல்லுக்குருவி மாதிரி இருக்கிறதே?

அப்படியானால் கவனம். நெல்லுக்குருவி உள்ளிட்ட நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் கூடையில் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வெளிர் பழுப்பு உடம்பும் கூரான கறுப்பு வாலும் இருந்தால் வெண்தொண்டைச் சில்லை. வயிற்றில் மீன் செதில் போன்ற கோலம் இருந்தால் புள்ளிச் சில்லை. தலை கறுத்து முதுகு செம்பழுப்பாக இருந்தால் கருந்தலைச் சில்லை. உடம்பு சிவந்து வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் சிவப்புச் சில்லை ஆண். பச்சை, மஞ்சள், ரோஸ் சாயம் பூசி "கலர் குருவி" என்று விற்பதும் இவற்றைத்தான். இறகு உதிர்ந்து முளைக்கும்போது சாயம் போய் உண்மை தெரிந்துவிடும்.

இவற்றைத் தத்துக் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள், சென்னையில் கிண்டியில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது, மற்ற ஊர்களில் மாவட்ட வன அலுவலகம். இவை நம் வயலுக்குச் சொந்தமான பறவைகள். சிறகு சரியானதும் எங்கே விடலாம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். பாவம் பார்த்து விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. நீங்கள் கொடுக்கும் அந்தப் பணத்தில்தான் அடுத்த வலை விரிகிறது.

வெளிநாட்டு ஃபின்ச்சுக்கும் பதிவு வேண்டுமா?

ஸீப்ராவுக்கும் பெங்காலிக்கும் வேண்டாம். ஜாவா குருவி விஷயம் வேறு. அது சைட்டிஸ் (அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024இல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட இனங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் அதைத் தெரிவிக்க வேண்டும். ஜாவா குருவியை எடுப்பதற்கு முன்னால் பதிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

வெளியூருக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடுவது வேண்டவே வேண்டாம். டிக்கியின் சூட்டில் இந்தச் சின்ன உயிர் எத்தனை மணி நேரம் தாங்கும்? யாராவது கூடவே போக வேண்டும்.

பெரிய கூண்டோடு தூக்கிப் போகாமல், காற்றுத் துளை போட்ட சின்ன அட்டைப் பெட்டியில் வையுங்கள். இருட்டாக இருந்தால் அடங்கி உட்காரும். அடியில் காகிதம் விரித்துத் தினையைத் தூவுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கொட்டிவிடும், அதற்குப் பதில் இரண்டு வெள்ளரித் துண்டு போதும். விடியற்காலையில் கிளம்புங்கள். சித்திரை, வைகாசி வெயிலிலும் தீபாவளி வாரத்திலும் இடம் மாற்றாமல் இருப்பது நல்லது. வெடிச்சத்தத்தில் இருட்டில் பறந்து கம்பியில் மோதிக் கழுத்து முறிந்த குருவிகள் உண்டு.

எடுத்துக்கொள்ள ஆசை. என்ன கூண்டு வாங்க வேண்டும்?

உயரம் முக்கியமில்லை, நீளம்தான் முக்கியம். ஃபின்ச் மேலும் கீழும் ஏறாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். ஒரு ஜோடிக்கு மூன்றடி நீளமாவது இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வட்டக் கூண்டு பார்க்க அழகு, குருவிக்குப் பிரயோஜனம் இல்லை. பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் வேம்பு, கொய்யாக் கிளைகளை வெவ்வேறு தடிமனில் கட்டுங்கள். நகமும் ஓரளவு தேயும்.

சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியாது, குருவி நிமிஷத்தில் விழுந்துவிடும். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே எதுவும் அந்த அறையில் கூடாது. பால்கனியில் வைத்தால் காக்கையும் எலியும் எட்ட முடியாதபடி வலை அடியுங்கள். கம்பி வழியே காலைப் பிடித்து இழுத்துவிடும். எறும்பு வந்தால் கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

முதல் மாதம் என்ன பார்க்க வேண்டும்?

ஏற்கனவே குருவி இருக்கும் வீடென்றால் புதியவற்றை முப்பது நாள் வேறு அறையில் வையுங்கள். முதல் வாரம் கூண்டை அடிக்கடி எட்டிப் பார்க்காதீர்கள். பழைய வீட்டில் என்ன தீனியோ அதையே கொஞ்சம் வாங்கி வந்து, புதியதை மெதுவாகக் கலந்து மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபின்ச் தானியத்தை உரித்து, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே வெறும் உமி. "நிறைய இருக்கே" என்று விட்டுவிட்டு இரண்டு நாளில் குருவியைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து ஊதிப் பாருங்கள்.

என்ன கொடுக்கலாம்?

தினை, சாமை, குதிரைவாலி என நம்மூர்ச் சிறுதானியங்களே போதும், ஆனால் உமி நீக்காததாக வாங்குங்கள். கொத்தமல்லி, முருங்கைக்கீரை போன்றவற்றை பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவிக் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். கூண்டில் ஒன்றைக் கட்டிவிடுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு அதுதான் சிறந்தது. குளிக்கத் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். உப்பு, சாக்லேட், அவகாடோ கூடாது.

நோய் வந்தால் எங்கே காட்டுவது?

நோயை மறைப்பதில் குருவிகள் கெட்டிக்காரர்கள். பகலில் இறகை உப்பிக்கொண்டு தூங்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அன்றைக்கே கவனிக்க வேண்டும். வாயைத் திறந்து "டிக் டிக்" என்ற சத்தத்தோடு மூச்சு விட்டால் காற்றுப்பைச் சிலந்திப்பேனாக (மூச்சுப் பாதைக்குள் தங்கும் ஒட்டுண்ணி) இருக்கலாம்; கோல்டியனுக்கு இது அதிகம் வரும். மருந்து இருக்கிறது. ஆனால் 12 கிராம் உடம்புக்கு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து என்பதால் கடையில் கேட்டுப் போடாதீர்கள்.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மூச்சு விடுவதைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோங்கள், மருத்துவமனையில் பயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கிளம்பும் வரை கூண்டின் ஒரு மூலைக்கு வெளியே 40 வாட் குண்டு பல்பு எரியவிட்டுக் கதகதப்பாக வையுங்கள். சூடு அதிகமானால் தள்ளி உட்கார மறு மூலை இருக்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணியோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கிறார். கொடுத்துவிட வேண்டுமா?

கர்ப்பத்துக்காக மட்டும் கொடுக்க அவசியமில்லை. கூண்டு சுத்தம் செய்வதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், எல்லாரும் கை கழுவட்டும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா அப்படியில்லை. இறகுத் தூளும் உமித் தூளும் மூச்சுத் திணறலைக் கூட்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

ஜோடியில் ஒன்று இறந்துவிட்டது. மற்றதை என்ன செய்ய?

தனியாக விடாதீர்கள், அவை கூட்டமாகவே வாழும் பறவைகள். கடையில் புதுக் குஞ்சு வாங்குவதற்கு முன்னால், இதே நிலையில் இருக்கும் இன்னொரு குருவியைத் தேடுங்கள். முதல் சில நாள் இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டுக்கும் பழக்கமில்லாத மூன்றாவது கூண்டில் சேர்த்துவிடுங்கள், சண்டை குறையும். பெங்காலிகள் சாது, சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஸீப்ராக்களுக்கு ஒரு வாரம் பொறுமை வேண்டும். உங்களுக்கு இனி வளர்க்க விருப்பமில்லையா? அப்படியென்றால் மிஞ்சிய ஒன்றை அதே இனம் இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள்.

வயதான குருவியை எடுக்கலாமா?

எடுங்கள் என்றுதான் சொல்வேன். வீட்டு ஸீப்ரா பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம் இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் இருக்கும். காலில் வளையம் இருந்தால் பிறந்த வருடம் அதில் பொறித்திருக்கலாம். வளையம் இல்லாத வளர்ந்த குருவியின் வயதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

வயதானதற்கு உட்காரும் கிளையைத் தாழ்வாகக் கட்டுங்கள், தீனியையும் தண்ணீரையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள். மார்கழிப் பனிக்கு உள்ளறைக்கு மாற்றுங்கள். நகம் வளைந்து கம்பியில் மாட்டுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். முதல் தடவை மருத்துவரிடமே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், நகத்துக்குள் ஓடும் ரத்த நரம்பு எதுவரை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பானை மட்டும் வேண்டாம். தூங்க ஏதாவது வேண்டுமே என்று தோன்றினால் மூலையில் அகலமான ஒரு பலகை வையுங்கள், அதில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து தூங்கிவிடும்.